என்கிட்ட இல்லாத மூணு எழுத்து

ஏற்காட்டு மலையில எங்க காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல ஒரு பிரிண்டர் இருக்குது. ஊசியால குத்திக் குத்தி அடிக்கிற பழைய ரகம். அது ஓடறப்ப பக்கத்துல நின்னு ஃபோன் பேச முடியாது. சேலத்துல இருந்து ரிப்பேருக்கு வர்ற ஆளு ஒவ்வொரு தடவையும், "இன்னும் இது உசுரோட இருக்குதுங்களா?"ன்னு துக்கம் விசாரிக்கற மாதிரி கேட்டுட்டுத்தான் பைய எறக்கி வெப்பாரு. ரெண்டு ஓரத்துலயும் ஓட்ட போட்டு, மடிப்பு மடிப்பா வர்ற பேப்பர்தான் அதுக்குத் தீனி. காப்பி மூட்ட லாரி ஏறறப்ப போடற சீட்டு ஒரே அடியில மூணு காப்பி வேணும். கார்பன் வெச்சுக் குத்தி அடிக்க அதாலதான் முடியும். வேற ஆளு கெடைக்காததுனால அது பொழச்சுக் கெடக்குது. கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகத்தான் நானும் அங்க கணக்கு எழுதற ரைட்டரா இருக்கறேன்.

அந்த பிரிண்டர வெச்சு நான் ஒரு வித்த காட்டுவேன். கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எக்ஸ் எழுத்த மட்டும் வரிசை வரிசையாத் தட்டி, நடுவுல எடம் விட்டு, பெரிய தமிழ் எழுத்தாக் கட்டுவேன். கிட்டக்கப் பாத்தா எறும்பு மொய்ச்ச மாதிரி எக்ஸா கெடக்கும். பத்தடி தள்ளி நின்னா 'பொ'ன்னு தெரியும். பேப்பர் மடிப்பு விடாம நீளமா வர்றதுனால எழுத்த ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுக் கட்டோணும். அடிச்சு எடுத்துத் திருப்பிப் புடிச்சா இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் ஒரு பேனரு. படுத்த எழுத்தவே பாத்துப் பாத்து என் கழுத்தும் ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. ஊட்டுல சம்சாரம், "ஏனுங்க, எதுக்கு இப்பிடிக் கோழி பாக்கற மாதிரி பாக்கறீங்க?"ன்னு கேப்பா.

மொதல்ல அடிச்சது 'பொங்கல்'. அப்பறம் ஆயுத பூஜ, புத்தாண்டு வாழ்த்து. மொதலாளி குடும்பம் கார்ல வந்து எறங்கறப்ப 'நல்வரவு'. ஒரு தொர, அதான் மேனேஜரு, வேலைய விட்டுப் போறப்ப அவரு பேரு, புதுசா இன்னொருத்தரு வந்தா அவரு பேரு. ஆளுங்க பாத்துட்டு வாயப் பொளந்து நின்னாங்க. எனக்கு அது போதும். ஒருத்தரு வந்து, "எப்பிடிங்க ரைட்டரே இதெல்லாம்?"ன்னு கேட்டப்ப, ஏதோ பொழுது போகாமத் தட்டுனேன்னு சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தான. "இது நானே டிசைன் பண்ணுன ஃபாண்ட்டுங்க"ன்னுட்டேன். அதுக்கப்பறம் அந்த வார்த்தைய எறக்கி வெக்க எனக்கு மனசே வரல. டீக்கட வரைக்கும் ஃபாண்ட்டு, ஃபாண்ட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ரெண்டு வருசம் முன்னாடி ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலைக்கு ஒரு பொண்ணு வந்து சேந்துச்சு. செம்மநத்தத்துப் பொண்ணு, சேலத்துல கம்ப்யூட்டர் படிச்சது. வந்த மொத வாரமே எம் பேனருங்க இருக்கற ஃபோல்டரத் தொறந்து பாத்துட்டு எங்கிட்ட வந்துச்சு.

"ஏனுங்க ரைட்டரே, இது ஃபாண்ட்டு இல்லீங்களே."

"ஏன் கண்ணு, எக்ஸால கட்டுனா ஃபாண்ட்டு இல்லயா? உங்க காலேஜ்ல அப்பிடியா சொல்லிக் குடுத்தாங்க?"

"எக்ஸால கட்டுனது தப்பில்லீங்க. நட்சத்திரம், கோடு, புள்ளி, எத வெச்சு வேணாலும் கட்டலாம். நெட்டுல அந்த மாதிரி இங்கிலீஷ் ஃபாண்ட்டு எத்தனையோ கெடக்குது. ஆனா நீங்க வெச்சிருக்கறது வார்த்தைங்க. பொங்கல்னு ஒரு ஃபைலு, நல்வரவுன்னு ஒரு ஃபைலு. அது படமுங்க."

"படத்துக்குள்ள எழுத்து இருக்குதில்ல?"

"ஃபோட்டோவுக்குள்ள எங்கப்பா கூடத்தான் இருக்கறாரு. கூப்புட்டா எந்திரிச்சு வருவாருங்களா?"

பக்கத்துல நின்ன மேஸ்திரி சிரிச்சுட்டாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அது சொல்லிக்கிட்டே போச்சு. எல்லா எழுத்தும் இருக்கோணும். எல்லாம் ஒரே ஒசரம் இருக்கோணும். ஒரே ஃபைல்ல வரிசையா இருக்கோணும். "நான் எதத் தட்டுனாலும் வரோணுங்க. நீங்க கட்டறப்ப நெனச்சே பாக்காத வார்த்தையத் தட்டுனாலும் வரோணும். அப்பத்தான் அது ஃபாண்ட்டு."

"வரும், வரும். தேவப்படறப்ப வரும்"னேன். அப்பறம் ஒரு வாரம் அந்தப் பொண்ணோட சரியாப் பேசல. அம்பது வயசு ஆளுக்கு இதெல்லாம் தேவையா? ஆனா பேசல.

எங்க எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒரு அக்கா இருந்தாங்க. ஊரு வாழவந்தி. நான் இந்த ஆபீசுக்கு வர்றதுக்கு முந்தியே வேலைக்கு வந்தவங்க. அவங்க வாய்க்குப் பயந்து மேஸ்திரியே வேற வழியாச் சுத்திப் போவாரு. இந்த வருசம் பறிப்பு முடியறதோட அவங்க வேலையும் முடியுது. காப்பி காயப் போடற களத்துல வெச்சு எல்லாத்துக்கும் டீ, மிச்சரு, அவங்களுக்கு ஒரு சால்வ, இவ்வளவுதான் ஏற்பாடு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அவங்க ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்னாங்க.

"ஏனுங்க ரைட்டரே, சால்வயெல்லாம் எனக்கெதுக்குங்க? தொர போறப்ப அவரு பேரப் பெருசா அடிச்சுக் கட்டுனீங்களே, அது மாதிரி எம் பேரு ஒண்ணு அடிப்பீங்களா?"

"அக்கா, ஃபாண்ட்டே எங்கையில இருக்குது. பத்து நிமிச வேல."

"களத்துல நிக்கறவங்க எல்லாத்துக்கும் தெரியற மாதிரி இருக்கோணுங்க."

"ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தாலும் தெரியும், போங்க."

அவங்க போகல. ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. "படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி பேருன்னு இவளுக சிரிக்கறாளுக. சிரிச்சுக்கிட்டுப் போறாளுக. நான் கேட்டுட்டேன், நீங்க மறந்துறாதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

பத்து நிமிச வேலய யாராவது ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிப்பாங்களா? நான் சால்வ போத்தற அன்னிக்கு மத்தியானம் சாப்புட்டு, வெத்தல போட்டு, ரெண்டு மணிக்குத்தான் ஒக்காந்தேன். நாலு மணிக்கு டீ. அந்தப் பொண்ணு ஆபீஸ் வேலையா சேலம் போயிருந்துச்சு.

அவங்க பேர இங்க எழுதல. பண்ணுனது நான், அதுல அவங்க பேர எதுக்கு இழுக்கோணும். மல ஊருங்கள்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு வெக்கிற சாதாரணப் பேருதான். நாலு எழுத்து. பழைய ஃபைல்ல இருந்து எழுத்த வெட்டி எடுத்து ஒட்டிரலாம்னு மொத எழுத்தத் தேடுனேன். 'ந'. நல்வரவுல இருந்துச்சு. வெட்டுனேன், ஒட்டுனேன், நொம்பக் குஷி. அடுத்தது 'ஞ்'. பொங்கல்ல இல்ல. ஆயுத பூஜைல இல்ல. புத்தாண்டுல இல்ல. போன தொர பேருல இல்ல, அதுக்கு முந்துன தொர பேருலயும் இல்ல. சரி, அத விட்டுட்டு மூணாவது பாப்போம்னா அதுவும் இல்ல. நாலாவதும் இல்ல.

என்னென்ன இருந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க. ஸ இருந்துச்சு, ஷ இருந்துச்சு, ஜ இருந்துச்சு, ஹ இருந்துச்சு, ஸ்ரீ கூட இருந்துச்சு. வந்து போன தொரைங்க பேரு, மொதலாளி ஊட்டு மருமகளுங்க பேரு, அவங்க கொழந்தைங்க பேரு, எல்லாத்துக்கும் அது வேண்டியிருந்துச்சு. பழம் பறிக்கற ஒரு பொம்பள பேர எழுதற அளவுக்கு மட்டும் எங்கிட்ட தமிழ் இல்ல. அத்தன வருசத்துல அப்பிடியொரு பேர நான் அடிச்சதே இல்ல. அடிக்கோணும்னு தோணுனதும் இல்ல.

மூணு எழுத்தயும் புதுசாக் கட்டிரலாம்னு பாத்தேன். படுத்துக்கிட்டிருக்கற ஞ எப்பிடி இருக்கும்னு தலையச் சாச்சு யோசிச்சேன். மொதல்ல கட்டுனது நத்த மாதிரி வந்துச்சு. அழிச்சுட்டுக் கட்டுனது முட்டி போட்ட ஆடு மாதிரி வந்துச்சு. மணி மூணரை. களத்துல பேச்சுச் சத்தம் கேக்க ஆரம்பிச்சிருச்சு, டீ கேன எறக்கி வெக்கற சத்தமும் கேட்டுச்சு.

அப்ப நான் எந்திரிச்சுப் போயி, "அக்கா, எழுத்துப் பத்தல, ரெண்டு நாளு குடுங்க"ன்னு சொல்லியிருக்கலாம். ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா அப்பிடிச் சொன்னா, அத்தன பேரு முன்னாடி எங்கிட்ட ஃபாண்ட்டே இல்லன்னு ஒத்துக்கோணும். அந்த மேஸ்திரி சிரிச்ச சிரிப்பு வேற ஞாபகத்துக்கு வந்துச்சு. மனசுக்குள்ள ஒருத்தன் மெதுவாப் பேசுனான். 'அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. புருசன் இல்ல. மகன் திருப்பூர்ல. தனியா இருக்கற ஊடு. யாரு படிச்சுச் சொல்லப் போறாங்க?' ஒருத்தன்னு சொல்றேன். வேற யாரு, நான்தான்.

நல்வரவு ஃபைலத் தொறந்து பிரிண்ட் குடுத்தேன். வேலைய விட்டுப் போறவங்களுக்கு நல்வரவு.

அடிச்சத இறுக்கமாச் சுருட்டி, மூட்ட தைக்கற நூல எடுத்து மூணு எடத்துல கட்டுனேன். களத்துல மேனேஜர் சால்வ போத்துனதும் நான் போயி சுருளக் குடுத்தேன். "அக்கா, இங்க விரிச்சாக் காத்துக்குக் கிழிஞ்சிரும். ஊட்டுக்குப் போயி நிம்மதியா விரிச்சுப் பாருங்க"ன்னேன்.

"அதெல்லாமில்ல, விரிங்க ரைட்டரே, நாங்களும் பாக்கறோம்!"னு பின்னாடி இருந்து பொம்பளைங்க சத்தம் போட்டாங்க.

"டிக்கெட்டு எடுத்தவங்களுக்கு மட்டுந்தான் காட்டுவோம்!"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எந்த நேரத்துலயும் ஒரு ஜோக்கு வந்துரும், அது ஒரு வியாதி. அந்த அக்காவும் சிரிச்சாங்க. சுருள ரெண்டு கையாலயும் வாங்கி, தோள்ல இருந்த சால்வைய எடுத்து, பனி படக்கூடாதுன்னு அதுக்கு மேல சுத்திக்கிட்டாங்க.

ஒரு மாசம் போச்சு. நான் மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். வாழவந்தி பஸ்ஸப் பாத்தா மட்டும் வேற பக்கம் திரும்பிக்குவேன், அவ்வளவுதான். ஒரு திங்கக்கெழம காத்தால அந்தப் பொண்ணு வந்ததும் வராததுமா, "ரைட்டரே, நேத்து வாழவந்தில எங்க சித்தி ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க. அந்த அக்கா ஊட்டுக் கதவுக்கு மேல நீளமா நல்வரவுன்னு உங்க பேனரு. பேரு அடிச்சுக் குடுத்தேன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டுச்சு.

பொய் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். என்னமோ வரல. நடந்தத அப்பிடியே சொல்லிட்டேன். ஞ நத்த மாதிரி வந்த எடத்துல அது சிரிக்கும்னு எதிர்பாத்தேன். சிரிக்கல. பீரோவத் தொறந்து, போன வருசத்து வருகை நோட்ட எடுத்து, ஒரு பக்கத்தப் பிரிச்சு எம் முன்னாடி வெச்சுச்சு.

"இதப் பாத்திருக்கீங்களா?"

சனிக்கெழம தோறும் ஆளுங்க வருகை நோட்டுல கையெழுத்துப் போடோணும். பாதிப் பேரு கைநாட்டு. அந்த அக்கா கைநாட்டு வெக்க மாட்டாங்க. யாரோ எப்பவோ எழுதிக் காட்டுன பேர அப்பிடியே பாத்துப் பழகி, நாலு எழுத்தயும் ஒண்ணு ஒண்ணா வரஞ்சு வெப்பாங்க. ஞ மட்டும் வரிசையில இருக்கறதுலயே பெருசு. அதோட வாலு கீழ எறங்கி அடுத்த எழுத்துக்கு அடியில போயி நிக்கும். பக்கத்தப் பொரட்டுனேன். அடுத்த சனிக்கெழமையும் அதே வாலு. அதுக்கடுத்த சனிக்கெழமையும். அந்த நோட்ட அவங்க முன்னாடி தள்ளி, வெரல வெச்சு, "இங்கக்கா"ன்னு எடம் காட்டுனது நான்தான். இத்தன வருசமா. எடத்தத்தான் பாத்தேன், எழுத்தப் பாக்கல.

அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு படம். அது அவங்க பேரு. எனக்குத் தெரிஞ்சது ஒரு பதினஞ்சு படம். அத வெச்சுக்கிட்டு நான் ஊரு பூரா ஃபாண்ட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேன்.

மூணு நாளு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒக்காந்து மூணு எழுத்தயும் கட்டுனேன். ஞவ நோட்டப் பாத்துக் கட்டுனேன், வால அவங்க எறக்குற மாதிரியே எறக்கி. அந்தப் பொண்ணு பின்னாடி நின்னு, "ஒசரம் ஒரு வரி கூடிப் போச்சுங்க", "இங்க ஒரு எக்ஸக் கொறைங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம அடிச்ச பேனர எடுத்துக்கிட்டு வாழவந்திக்கு பஸ் ஏறுனேன்.

அந்த அக்கா ஊட்டு முன்னாடி சாக்க விரிச்சு மொளகு காயப் போட்டுட்டு இருந்தாங்க. என்னப் பாத்ததும் எந்திரிக்கல. கையால மேல காட்டுனாங்க.

"வாங்க ரைட்டரே. மேல பாத்துட்டு வாங்க. உங்களுக்குத்தான் எழுதி ஒட்டியிருக்குது."

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு? நல்லாத்தான அடிச்சிருக்கீங்க. வர்றவங்க எல்லாம் எங்க வாங்குனேன்னு கேக்கறாங்க."

"உங்க பேரு அடிக்கறதுக்கு எங்கிட்ட எழுத்து இல்லீங்க்கா."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"வெக்கமாப் போச்சுங்க."

"வெக்கம் உங்களுக்கு. அத நூலப் போட்டுக் கட்டி என் தலைல வெச்சு அனுப்பிச்சுட்டீங்க."

அப்பறம்தான் அன்னிக்கு நடந்தத சொன்னாங்க. ஊட்டுல விரிக்கற வரைக்கும் யாரு பொறுத்தா? பஸ்ஸு கெளம்புறதுக்கு முந்தியே பொம்பளைங்க சுருளப் புடுங்கி நூல அத்துட்டாங்க. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சு, சீட்டுக்கு மேல பஸ்ஸு நீளத்துக்கு விரிச்சுட்டாங்க.

"மொத எழுத்தப் பாத்தேன். அது என்துதான். ரெண்டாவதப் பாத்தேன். அது என்து இல்ல"ன்னாங்க. "அதுக்குள்ள அவளுகள்ல ஒருத்தி மக, பத்தாவது படிக்கறவ, நல்வரவுன்னு சத்தமாப் படிச்சுட்டா. டிரைவரு வரைக்கும் சிரிச்சாங்க. எறங்கற வரைக்கும் சிரிச்சாங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்றது? நானும் சிரிச்சேன்."

நான் கொண்டு போன பேனர நீட்டுனேன். கைய முந்தானைல தொடச்சுட்டு வாங்கி உள்ள தரையில விரிச்சாங்க. முட்டி போட்டு ஒக்காந்து, ஒவ்வொரு எழுத்தா வெரல வெச்சு ஓட்டிப் பாத்தாங்க. ஞகிட்ட வந்ததும் வெரலு நின்னு போச்சு. வாலு கூடவே எறங்கி, அது முடியற எடம் வரைக்கும் போச்சு.

"இது நான் போடற மாதிரியே இருக்குது."

"உங்க கையெழுத்தப் பாத்துத்தான் கட்டுனேனுங்க."

"நல்லாருக்குது"ன்னாங்க. அப்பறம் பேப்பரோட மடிப்பு மேலயே மடிச்சு, சதுரமா ஆக்கி, டிரங்குப் பொட்டிக்குள்ள வெச்சு மூடிட்டாங்க.

"ஒட்டலயாக்கா?"

"இங்க யாரு பாக்கறதுக்கு சாமி? அன்னிக்கு களத்துல எல்லாரும் நின்னாங்க."

டீ போட்டுக் குடுத்தாங்க, குடிச்சேன். கெளம்பறப்ப, "அடுத்த வருசம் இன்னும் ரெண்டு பேரு வேலையில இருந்து நின்னுக்கறாளுக. அவளுக பேருக்காவது எழுத்து இருக்குதா?"ன்னு கேட்டாங்க. பஸ்ஸுல வர்றப்பவே அந்த ரெண்டு பேரயும் நெனச்சுப் பாத்திருந்தேன். "இல்லீங்க்கா, ரெண்டுக்குமே பத்தாது"ன்னு சொன்னேன். "அப்பச் செஞ்சு வெய்ங்க"ன்னாங்க.

செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கறேன். கொம்பு, காலு, சுழியெல்லாம் தனித்தனியாக் கட்டி, எல்லாத்தயும் ஒரே ஒசரத்துல, ஒரே ஃபைல்ல வரிசையா வெக்கறேன். அந்தப் பொண்ணு அப்பப்ப வந்து வருகை நோட்டுல ஏதாவது ஒரு பக்கத்தத் தொறந்து, கண்ண மூடி ஒரு பேரத் தொட்டு, அதத் தட்டிப் பாக்குது. சில பேரு முழுசா வருது. சிலதுல நடுவுல ஓட்ட விழுது. "இன்னும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருது. நான் எதுத்துப் பேசறதில்ல. டீக்கடைலயும் அந்த வார்த்தைய இப்பச் சொல்றதில்ல.

போன வாரம் ஒரு வேலையா வாழவந்தி பஸ்ஸுல ஏறி ஒக்காந்திருந்தேன். சரியான கூட்டம். கெளம்பற நேரத்துல அந்த அக்கா கையில பையோட முன் படியில ஏறுனாங்க. பின் சீட்டுல இருந்து ஒரு பொம்பள கையத் தூக்கி, "ஏ நல்வரவு! இங்க எடம் இருக்குது, வா!"ன்னு கத்துச்சு. யாரும் சிரிக்கல. சிரிச்சு முடிச்சு நொம்ப நாளாச்சு போல, பேராவே ஆயிருச்சு. அவங்களும் சட்டுன்னு திரும்பி, "வர்றேன் இருடி"ன்னு பதில் சொல்லிக்கிட்டே கூட்டத்த வெலக்கிட்டு வந்தாங்க. என் சீட்டத் தாண்டறப்ப ஒரு நிமிசம் நின்ன மாதிரி இருந்துச்சு. நான் நிமிந்து பாக்கல. ஜன்னல் பக்கமாத் திரும்பி, வெளிய எதயோ பாக்கற மாதிரி ஒக்காந்துக்கிட்டேன். கண்ணாடி பூராப் பனி. ஒண்ணும் தெரியல.